ஊதா மணல்

பெரியநாயகி அண்ணி வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மீன் என்றால் எங்களுக்குக் குழம்பு. ஏரி வற்றுகிற நாளில் கெளுத்தியும் கெண்டையும் பிடித்து, புளி கரைத்து ஊற்றி மண்சட்டியில் வைத்தால் மறுநாள் காலை கூழுக்கும் ஆகும். அதைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அதற்கு நாம் தீனி போட்டு, அது சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை எங்கள் ஊருக்குப் புதிது. நானும்தான் சிரித்தேன். எதிர் வீட்டுக்காரன் சிரிக்காமல் யார் சிரிப்பார்கள்?

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, சேலம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பஸ் ஏறினால் கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதற்குள் கள்ளக்குறிச்சி வந்துவிடும். அங்கே ஒரு டாக்டர் வீட்டு முன்கூடத்தில்தான் அண்ணிக்கு அந்த ஆசை பிடித்தது. அவள் புருஷன் தங்கதுரை அண்ணன் விஷக் காய்ச்சலில் விழுந்து அங்கே கிடந்தபோது, அவருக்குக் கஞ்சி ஊட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அண்ணி அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நின்றாளாம். பவுலின் என்று ஒரு நர்ஸம்மா அங்கே இருந்தது. அதுதான் தொட்டிக்குத் தீனி போடும். "இன்னாம்மா, வூட்டுக்காரரப் பாக்க வந்தியா, மீனப் பாக்க வந்தியா?" என்று கேலி செய்யுமாம். அந்தத் தொட்டியின் அடியில் ஊதா நிறத்தில் மணல் பரப்பியிருந்தது. விளக்கைப் போட்டால் அந்த மணல் மினுங்கும் என்று அண்ணி என் பெண்சாதி இருசம்மாளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒரே மகள் விஜயலட்சுமியை மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. அண்ணன் விடிந்தால் கழனிக்குப் போவார், பொழுது சாய்ந்தால் எங்கள் சாதிச் சங்கத்துக்குப் போவார். வீட்டில் அண்ணியும் ஒரு கறவை மாடும்தான். ஆசைப்பட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணியின் தம்பி காசிநாதன் மெட்ராஸில் லேத்துப் பட்டறையில் வேலை செய்தான். ஆடிக்கு வந்தபோது அக்காவுக்குக் கண்ணாடித் தொட்டியைத் துணி சுற்றி மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தான். காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்க மீன்கள். ஒரு மூலையில் காற்றுக் குமிழி விடுகிற மோட்டார். பாடமும் நடத்திவிட்டுப் போனான்.

"எந்த மணல போட்டாலும் நல்லா அலசிப் போடணும் அக்கா. அழுக்குத் தண்ணிய மொண்டு ஊத்தாத, மீனு பயந்துக்கும். இந்தா டியூப்பு. ஒரு முனைய தொட்டியில வுட்டு, இந்த முனைய வாயில வச்சி உறிஞ்சு. தண்ணி வர்றதுக்குள்ள வாய எடுத்துட்டுக் கீழ வாளியில வுட்டுடு. தானா எறங்கும். வண்டியில பெட்ரோலு இழுப்பாங்கல்ல, அதுமாதிரி."

அதற்குப் பிறகு அண்ணி செய்த அலங்காரங்களை எழுதினால் சிரிப்பீர்கள். முதலில் மகள் விளையாடிய மரத்தேரைப் போட்டாள், அது மிதந்தது. கல்லைக் கட்டி அமுக்கினாள், சாயம் இறங்கியது. அய்யனார் கோயில் பக்கத்திலிருந்து மண்குதிரை ஒன்று வாங்கிப் போட்டாள், அது பச்சை மண்ணோ என்னவோ, கரைந்து தண்ணீர் காவியாகிவிட்டது. கோமுகி அணைக்குச் செங்கல் ஏற்றிப் போன டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய், கல்வராயன் மலைத் தண்ணீரில் உருண்டு வந்த கூழாங்கற்களைப் புடவை முந்தியில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவைதான் நின்றன. ஏரியிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து கல்லில் நூலால் கட்டி நட்டாள். கறுப்புக் கல், வெள்ளைக் கல், நடுவே பச்சையாக ஆடுகிற பாசி, அதற்குள் நுழைந்து வெளிவருகிற இரண்டு சிவப்பு மீன்கள். சிரித்த தெருவே சாயங்காலத்தில் அங்கே எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

"எல்லாஞ் சரி இருசம்மா, அடியில அந்த மணலு மட்டும் இருந்துட்டா..." என்பாள் அண்ணி.

அது எண்பத்தேழாம் வருஷம். எங்கள் சாதிச் சனத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். புரட்டாசியில் ஒரு வாரத்துக்கு மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை மறிப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தங்கதுரை அண்ணன்தான் தலை. நல்ல குரல். மைக் இல்லாமலே ஏரிக்கரை வரை கேட்கும். மறியலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் கூடிப் பேசினோம். அண்ணி டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த வண்டியும் போவக் கூடாது. நோவு நொடின்னு நூறு பேரு வருவான், சாவுன்னு நூறு பேரு வருவான். ஒருத்தனுக்கு வழி வுட்டா ஒம்போது பேரு பின்னாலயே வருவான். யாரையும் நம்பாதீங்க. மேற்கால ஊருக்கெல்லாமும் ஆள அனுப்பிச் சொல்லிடுங்க, தங்கதுரை சொன்னாருன்னு" என்றார் அண்ணன்.

"இன்னாத்துக்கு மாமா இவ்ளோ கண்டிப்பு?" என்றாள் அண்ணி.

"நமக்குன்னு உள்ள பங்கு நமக்கு வரணும்ல. கேக்காம எவன் குடுப்பான்?"

"நான் ஆடியிலேர்ந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். நீங்கள்லாம் இருவது பெர்சென்ட்டு கேக்கறீங்க. நான் ஒரு படி மணலு கேக்கறேன். அதுக்கே வழியக் காணோம். நானும் ஒரு மரத்த வெட்டிப் போட்டுக் குந்திக்கட்டுமா?"

கூடம் குலுங்கியது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணனுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

"இந்தா, இத்தினி பேரு முன்னால சொல்றேன். ஒனக்கு ஊதா மணலு நான் கொண்டாறேன். போதுமாடி?"

"எப்ப?"

"மறியல் முடியறதுக்குள்ள வூட்ல இருக்கும், பாரு."

"எல்லாரும் கேட்டுக்கினீங்கல்ல? நீதான் பழனி சாட்சி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் அந்த நிமிஷமே அதை மறந்துவிட்டார். பேச்சு மறுபடியும் மரம், கடப்பாரை, ரம்பம் என்று போய்விட்டது.

அந்த வருஷம் நடவு வயலில் குருத்துப்பூச்சி ஜாஸ்தி. புதிதாக ஒரு குருணை மருந்து வந்திருந்தது. அதுவரை நாங்கள் அறிந்ததெல்லாம் மூக்கைத் துளைக்கிற பாட்டில் மருந்தும் வெள்ளைப் பொடியும்தான். இது சர்க்கரை மாதிரி பொடிக் குருணை, ஊதா நிறம், நெடி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம்தான் இருக்கும் என்பதால் அதைக் காய்ந்த ஆற்று மணலோடு கலந்து கையால் தூவ வேண்டும். மறியலன்று விடிகாலையில் அண்ணன் மணிமுக்தா ஆற்று மணலை இரும்புப் பாண்டில் கொட்டி, மருந்தைக் கலந்து, கழனிக்குக் கிளம்புகிற நேரம். ரோட்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். அவர் இல்லாமல் மரத்தில் கை வைக்கமாட்டோம் என்று நிற்கிறார்களாம். தூறல் வேறு விழுந்தது. மருந்து நனையக் கூடாதென்று பாண்டை உள்ளே கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று பார்த்து, மீன் தொட்டி இருந்த முக்காலிக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மருந்து வந்த பை அவர் மாட்டுக்கொட்டகையில் எறிந்த இடத்தில் கிடந்தது. அண்ணி அப்போது புல்லறுக்கப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்து வீடு பெருக்கும்போது சாக்கை எடுத்திருக்கிறாள். வெள்ளை மணல். மணல் முழுக்க ஊதாப் பொட்டு.

இருசம்மாள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அண்ணி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"பாரேன் இந்த மனுசன! வாயத் தொறந்து சொல்லாம முக்காலிக்கு அடியிலயே வச்சிட்டுப் போயிருக்குது. மேல சாக்கப் போட்டு மூடிட்டு. சின்னப் பையன் மாதிரி!"

"அலசிப் போடணும்னு ஒன் தம்பி சொல்லிச்சே அண்ணி."

"சாயம் போயிடும்டி. புதுப் பொடவைய சாயம் போவக் கழுவுவியா? அப்பிடியே போட்டுக்கலாம். நனையாமத்தானே மூடி வச்சிருக்குது, அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்."

கூழாங்கல்லையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஓர் ஆழாக்கால் மொண்டு மொண்டு தொட்டியின் அடியில் மெதுவாக இறக்கியிருக்கிறாள். பிறகு கல்லை அடுக்கி, பாசியை நட்டு, சோறு கூட வடிக்காமல் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது என்று இருசம்மாள் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணன் அவளுக்கென்று வாங்கிவந்த பொருள் எதுவும் கிடையாதாம். புடவை கூட மாமியார் எடுத்தது, மாமியார் போன பிறகு அவளே எடுத்துக்கொண்டது.

ரோட்டில் நாங்கள் புளியமரத்தைச் சாய்த்தோம். விழுந்தபோது தரை அதிர்ந்தது, காக்கைகள் கத்தின. எத்தனையோ வருஷம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற நிழல் அது. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து நானும் கோஷம் போட்டேன். மேற்கே ஊர் ஊராக மரம் விழுந்துகொண்டிருந்த செய்தி வந்தது. வேறு சில இடங்களில் போலீஸ் சுட்டது, ஏழைகளின் குடிசைகள் எரிந்தன என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு எல்லாம் திருவிழா மாதிரித்தான் இருந்தது.

உச்சிப் பொழுதில் அண்ணன், "மறியலு பாட்டுக்கு நடக்கட்டும் பழனி. மருந்து கலந்தது அப்பிடியே இருக்குது. வா, எடுத்துக்கினு போய்த் தூவிட்டு வந்துடலாம்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதே நேரத்தில் உள்ளே மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தன. தண்ணீரும் லேசாக நிறம் மாறியிருந்தது. மணலில் இருந்த அழுக்குதான் காரணம் என்று நினைத்து அண்ணி தண்ணீரை மாற்ற டியூப்பை வாயில் வைத்திருக்கிறாள். அவசரத்தில் பலமாக உறிஞ்சியிருக்கிறாள். வாசலில் நின்று அண்ணன் தன் பெரிய குரலில், "நாயகீ!" என்றார். அவள் திடுக்கிட்டுத் திரும்ப, ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

"வந்துட்டியா மாமா? வா வா. மணலு நல்லாத்தான் இருக்குது. மீனுக்குத்தான் ஒத்துக்கல போல, பாரேன், மயங்கி மயங்கி வுழுவுது."

அண்ணன் முக்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பாண்டு காலி.

"இதுல இருந்த மருந்து எங்கடி?"

"இன்னா மருந்து?"

"மருந்துடி. வயலுக்குத் தூவறதுக்குக் கலந்து வச்ச மருந்து."

அண்ணி தொட்டியைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. டியூப் இன்னொரு கையில் இருந்தது, அதிலிருந்து தண்ணீர் வாளிக்குள் ஒழுகிக்கொண்டே இருந்தது. எனக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"குடிச்சியா? ஏய், உள்ள போச்சா?"

"ஒரு வாய்..."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட அண்ணனுக்குத் தோன்றவில்லை, வெறுமனே நின்றார். நான்தான் கத்தினேன். இருசம்மாள் உப்பைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். குடிக்க வைத்து, விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணிக்கு வேர்த்துக் கொட்டியது. ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. கண் மங்குகிறது என்றாள். கன்னத்துச் சதை தானாகத் துடித்தது.

கயிற்றுக் கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கினோம். எங்கள் ஊர் மரத்தை நாங்களே ஏறிக் கடந்தோம். கிளைகளுக்கு நடுவே கட்டிலைச் சாய்க்காமல் கொண்டுபோவது லேசில்லை. புளியங்கிளை முகத்தில் கீறியது. காலையில் இதை நடு ரோட்டில் சரியாக விழும்படி கயிறு கட்டி இழுத்தது அண்ணன்தான். பலே என்று நாங்கள் அவர் முதுகில் தட்டினோம்.

அடுத்த ஊர் எல்லையிலும் ஒரு மரம். அங்கே இருந்தவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள்தான்.

"இன்னா ஆச்சி தங்கதுரை?"

"மருந்து... வயித்துல போயிடிச்சி."

"மருந்து குடிச்சிட்டாளா? ஏன், வூட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லப்பா. மீன் தொட்டியில..."

"மீன் தொட்டியிலயா?"

ஒருத்தன் சிரித்தே விட்டான். இன்னொரு பெரியவர், "இந்த நேரத்துல பொம்பளைய அடிக்காதீங்கடான்னா எவன் கேக்கறான்" என்று முணுமுணுத்தார். எங்கள் பக்கத்தில் பெண் ஒருத்தி மருந்து குடித்தாள் என்றால் காரணத்தை யாரும் கேட்கமாட்டார்கள், அதைத்தான் ஏற்கனவே தெரிந்துவைத்திருக்கிறார்களே. அண்ணன் விளக்கம் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது. கூட இருந்த எனக்கே அப்படித்தான் கேட்டது.

அங்கே ஒரு மாட்டு வண்டி கொடுத்தார்கள். வண்டியில் அண்ணியின் தலையை அண்ணன் மடியில் வைத்திருந்தார். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அண்ணி கண்ணைத் திறந்தாள். பேச்சு குழறியது.

"மாமா."

"பேசாத நாயகி. இதோ வந்துடிச்சி."

"அப்ப அத நீ எனக்குன்னு வாங்கியாரலியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மாட்டின் முதுகைப் பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால் அவளுக்கு விஷத்தை வாங்கிக் கொடுத்தவர் ஆகிறார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க எச்சில் வந்தது. மேற்கே கல்வராயன் மலையின் மேல் மேகம் இறங்கி மழை கறுத்துக்கொண்டு நின்றது.

கடைசி மரத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. வயசுப் பசங்கள் தடியோடு நின்றார்கள்.

"வண்டியும் போவாது, ஆளும் போவாது. திரும்பிப் போங்க."

"உசுருக்குப் போராடிக்கினு இருக்கா தம்பி, வழி வுடுப்பா."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. காலையிலேர்ந்து எத்தினி சீக்கு, எத்தினி சாவு! நோவு நொடின்னு வந்தா நம்பாதீங்கன்னு ஆர்டரு. கெழக்கால தங்கதுரையே சொல்லி அனுப்பியிருக்காரு."

"நான்தாம்பா தங்கதுரை."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை. அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, நடு ரோட்டில் அந்தப் பையன்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "நான்தான் சொன்னேன். நான்தான்யா தப்பா சொல்லிட்டேன். வுடுங்கய்யா" என்றார். ஒரு பையன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அண்ணியின் முகத்தைக் கண்டதும் தடியைக் கீழே போட்டுவிட்டு, "டேய், புடிங்கடா!" என்று அவனே முதல் ஆளாக வந்து தூக்கினான். அங்கிருந்து அந்தப் பசங்கள்தான் ஓட்டமும் நடையுமாக டாக்டர் வீடு வரை அவளைச் சுமந்து வந்தார்கள்.

பவுலின் நர்ஸம்மா கதவைத் திறந்தது. "அய்யோ, மீன் தொட்டி அம்மாவா!" என்று நெஞ்சில் கை வைத்தது. அதே முன்கூடம், அதே தொட்டி, அதே விளக்கு. அடியில் ஊதா மணல் மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். பொழுது இறங்கி மழை பிடித்துக்கொண்டபோது அண்ணியின் மூச்சு சீரானது, வேர்வை நின்றது. பிழைத்துக்கொள்வாள் என்று நர்ஸம்மா வெளியே வந்து சொன்னது. அண்ணன் சுவரில் நெற்றியை வைத்து அழுதார்.

டாக்டர் கூப்பிட்டார். அவர் அண்ணனைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை.

"நான் போலீஸுக்கு எழுதி அனுப்பணும். உண்மையச் சொல்லு. இந்தப் பொம்பளைக்கு மருந்து எப்படி உள்ள போச்சு?"

"மீன் தொட்டியில போட்டுட்டா டாக்டர். மணலுன்னு நெனச்சி..."

"இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கேன், எனக்கே கதை சொல்றியா? நீ தள்ளி நில்லு. நான் அந்தம்மாவக் கேட்டுக்கறேன்." கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பயப்படாத. உன்ன ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது. நீயா குடிச்சியா?"

"இல்லீங்க. டியூப்ல தண்ணி இழுத்தேங்க. உள்ள போயிடிச்சி."

"அந்த மருந்து எப்படித் தொட்டிக்கு வந்தது?"

"நான்தாங்க அள்ளிப் போட்டேன். அதோ, ஒங்க தொட்டியில இருக்குதே, அதுமாதிரி மணலுன்னு."

டாக்டர் திரும்பி நர்ஸைப் பார்த்தார். பவுலினம்மா, "ஆமாங்க டாக்டர். இவங்க வூட்டுக்காரர் இங்க இருந்தப்ப முழுக்க இத பாத்துக்கினேதான் நிப்பாங்க. இந்த மணலு எங்க கெடைக்கும்னு என்னையக் கேட்டாங்க" என்றது. டாக்டருக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதிக்காக இன்னும் ஒரு கேள்வி கேட்டார்.

"மருந்த மணல்னு நீயா எப்படி நினைச்ச? தொட்டிக்குப் போடுன்னு உன் வூட்டுக்காரர் வாங்கிட்டு வந்து குடுத்தாரா? உனக்குன்னு சொல்லிக் குடுத்தாரா?"

கூடத்தில் அவர் வாக்குக் கொடுத்தது எனக்குத் தெரியும். நான்தான் சாட்சி. அண்ணி தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, குழறாமல், தெளிவாகச் சொன்னாள்.

"இல்லீங்க. அவரு எனக்குன்னு எதுவும் வாங்கியாரலீங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அண்ணன் பேரில் கேஸ் ஒன்றும் வரவில்லை. அண்ணன் வெளியே வந்து தொட்டிக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மறியல் என்ன ஆயிற்று என்று கேட்டு ஆள் வந்தது, டீ கொண்டுவரட்டுமா என்று நான் கேட்டேன், நர்ஸம்மா உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது. ஏரிக்கரை வரை கேட்கிற குரல் உள்ள மனுஷன், ஒருவருக்கும் ஒரு பதிலும் சொல்லவில்லை.